ஊரோடு கொடுக்கல் வாங்கல் உள்ள பாத்திரங்கள்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்-பிளேயிங் ஆட்டத்தில், கேரக்டர் ஷீட் என்ற பாத்திர விவரத்தாளை எப்படி நிரப்பச் சொல்வது என்ற கேள்வி. ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே பாலாற்றங்கரையில் ஒரு கற்பனை ஊரை அமைத்திருக்கிறீர்கள். சண்டையும் புதையலும் இல்லாமல், மனிதர்களுக்கு இடையேயான உறவையும் பகையையும் மையமாக வைத்து, முன்கூட்டி எழுதிய கதை எதுவும் இல்லாத ஒரு சாண்ட்பாக்ஸ் கேம்பெய்னை, அதாவது பல நாள் தொடரும் ஆட்டத்தை, தொடங்கியிருக்கிறீர்கள். ஆடுபவர்கள் ஐந்து பேரும் ஆளுக்கு நான்கைந்து பக்கம் முன்கதை எழுதிக்கொண்டு ஆர்வமாகத்தான் வந்தார்கள். ஆனால் இரண்டு செஷன், அதாவது இரண்டு முறை உட்கார்ந்து ஆடி, முடிந்த பிறகும் எல்லாருடைய பாத்திரங்களும் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று உங்கள் முகத்தையே பார்க்கின்றன. பாத்திரங்களைக் கலைத்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லலாமா என்று முடித்திருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் பின்னாலிருந்து தள்ளாமல், தாமாகவே எழுந்து நடந்து ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டும் பாத்திரங்கள் எப்படி உருவாகின்றன?

பதில் சொல்லுமுன் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வகை ஆட்டங்களை நடத்தி வருகிறேன். எல்லாம் நான்கு முதல் ஆறு பேர் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடியவை. அனைவரும் வேலைக்குப் போகும் பெரியவர்கள். இணையவழியில் ஆடுவோருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது அப்படியே பொருந்தும் என்று சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. கீழே உள்ளவற்றில் சிலவற்றை மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்திருப்பதால் உறுதியாகச் சொல்கிறேன். சிலவற்றில் எனக்கே இன்னும் தெளிவில்லை, அவை வரும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

வழக்கமான கேரக்டர் ஷீட் இங்கே ஏன் கைகொடுப்பதில்லை என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இவ்வகை ஆட்டங்களின் முன்னோடியான, 1974-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அதில் ஒரு பாத்திரத்தை அளக்கும் ஆறு குணங்களில் மனித உறவைத் தொடுவது பிறரை ஈர்க்கும் ஆற்றல் ஒன்று மட்டுமே. மற்றவை பெரும்பாலும் சுரங்கத்துக்குள் இறங்கி உயிரோடு திரும்பி வருவதற்கானவை. அந்த ஷீட் 'இவனால் என்ன செய்ய முடியும்' என்ற கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும். 'இவன் யாருக்குக் கட்டுப்பட்டவன்' என்று கேட்டால் பேசாது. பின்னால் வந்த சில ஆட்டங்கள் இந்தக் குறையை உணர்ந்தன. 1977-இல் வந்த டிராவலர், ஆட்டம் தொடங்குமுன்பே பாத்திரத்தை நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணியில் ஓட்டி, வயதும் தழும்பும் ஏறிய ஓர் ஆளாகத் தந்தது. 1985-இல் வந்த பெண்டிராகன், ஒருவனுடைய பற்றையும் பகையையும் எண்ணாலேயே எழுதி, பகடை உருட்டிச் சோதிக்க வைத்தது. உறவும் பகையும் மையமான நம் சமூக ஆட்டத்துக்குத் தேவையானதை இந்த இரண்டாவது ஆட்டம் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது என்பேன். ஆனாலும் நம் ஊர் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

என் முதல் சமூக கேம்பெய்ன் மூன்றே செஷனில் நின்றுபோனது. நான்கு பேர் ஆடினார்கள்; நால்வருமே, ஒருவரை ஒருவர் கேட்காமல், பெற்றோரை இழந்து ஊரைவிட்டு அலைந்து திரியும் தனி ஆளை எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு முன்கதையும் தனியாகப் படித்தால் நெஞ்சைத் தொட்டது. மேசையில் சேர்த்து வைத்தபோது, நான்கு வழிப்போக்கர்கள் ஒரே பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்பதுபோல இருந்தது. தவறு என்னுடையதுதான், 'உங்கள் பாத்திரத்தின் கதையை எழுதி வாருங்கள்' என்று சொல்லியனுப்பியது நான். கதையை எழுதச் சொன்னால் மனிதர்கள் முடிந்துபோன ஒன்றையே எழுதுவார்கள். தந்தை இறந்தார், காதலி பிரிந்தாள், வீடு எரிந்தது என்று எல்லாம் நடந்து முடிந்திருக்கும். இன்று காலை எழுந்து அந்த ஆள் செய்வதற்கு எந்த வேலையும் மிச்சம் இருக்காது. உங்கள் ஐவர் எழுதிய பக்கங்களிலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆகவே நான் உறுதியாக நம்பும் ஒன்றைச் சொல்கிறேன். சமூக சாண்ட்பாக்ஸில் ஒரு பாத்திரத்தை நகர்த்துவது இன்னும் தீராத கொடுக்கல் வாங்கல். முன்கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வேலையைச் செய்யாது. பணம் மட்டுமே கொடுக்கல் வாங்கல் ஆகாது. செய்த உதவி, கொடுத்த வாக்கு, மறைத்த பொய், பட்ட அவமானம், சபையில் ஒருவர் நமக்காகப் பேசிய ஒரு வார்த்தை, அத்தை மகளைக் கட்டுவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியது என எல்லாமே அதில் சேரும். இதற்காகத்தான் என் மேசையில் மொய் நோட்டை வைத்தேன். கல்யாண மண்டபத்து வாசலில் ஒருவர் உட்கார்ந்து பெயர், ஊர், தொகை என்று எழுதுவாரே, அதே நோட்டுதான். ஒரு வீட்டாருக்கு அது வெறும் கணக்கு இல்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அடுத்த வீட்டு விசேஷத்துக்கு முதல் நாள் இரவு அந்த நோட்டை எடுத்துப் பார்த்து, 'அவங்க நமக்கு இவ்வளவு செய்தாங்க' என்று பேசித்தான் கவரில் பணம் போடுகிறோம். யாருடைய பெயர் அதில் இல்லை என்பதும் அதே இரவில் பேச்சுக்கு வரும்.

புதிய கேம்பெய்ன் தொடங்கும்போது நான்கைந்து பக்க முன்கதைக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டைத் தருகிறேன். முதல் பக்கத்தில் பெயர், வயது, தெரு, பிழைப்பு ஆகிய நான்கு மட்டும். அடுத்த பக்கத்தில், இந்தப் பாத்திரத்தின் வீட்டில் கடைசியாக நடந்த விசேஷம் எது என்று எழுத வேண்டும். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கல்யாணம், கருமாதி, எதுவானாலும் சரி. அதற்கு யார் வந்தார்கள், யார் எதிர்பார்த்ததைவிட அதிகம் செய்தார்கள், வரவேண்டிய யார் வரவில்லை என்று பெயரோடு எழுதச் சொல்கிறேன். மூன்று பெயர்கள் போதும். ஐந்துக்கு மேல் வேண்டாம். அதிகம் செய்தவருக்குப் பாத்திரம் கடன்பட்டிருக்கிறது. வராதவரோடு மனத்தாங்கல் இருக்கிறது. இவ்வளவிலேயே, அந்தப் பாத்திரம் நாளைக் காலையில் தெருவில் இறங்கி நடந்தால் எந்த வாசலில் நிற்கும், எந்த வாசலைக் குனிந்த தலையோடு கடக்கும் என்று ஆடுபவருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஓர் உதாரணத்தைச் சற்றுக் கிட்டத்தில் காட்டுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மேசையில் ஒருவர் சரோஜா என்ற பாத்திரத்தை எடுத்தார். நாற்பத்தைந்து வயது, ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஏலச்சீட்டு நடத்துபவர். இருபது பேர், மாதம் 1,000 ரூபாய். வீட்டுச் சீட்டின் வழக்கம் தெரிந்ததே: முதல் மாதத் தொகையைத் தள்ளு இல்லாமல் நடத்துபவர் எடுத்துக்கொள்வார், அதன்பின் மாதாமாதம் அதிகத் தள்ளு கேட்பவருக்குச் சீட்டு. 20,000 ரூபாய்ச் சீட்டை 4,000 தள்ளி எடுத்தால் கையில் 16,000 வரும். தள்ளிய தொகை உறுப்பினர்களுக்குப் பிரியும். வேலு என்ற பாத்திரத்தை எடுத்த இன்னொருவர், காளை விடும் விழாவுக்கு மாடு வளர்ப்பவர், மூன்றாம் மாதச் சீட்டை அப்படித் தள்ளி எடுத்து மாட்டுக்குச் செலவழித்துவிட்டார் என்று இருவரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். மூன்றாமவர் தோல் ஷாப்பில் கணக்கெழுதும் அன்வர். அண்ணனுக்குத் தெரியாமல் மனைவி பெயரில் அதே சீட்டில் சேர்ந்திருப்பவர். எட்டாவது மாதம் வேலு பணம் கட்டவில்லை. ஆட்டம் தொடங்கியபோது நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "இன்றைக்குத் தேதி அஞ்சு, சீட்டுப் பணம் வரவேண்டிய நாள்."

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சரோஜா நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போனார். "வேலு, மாட்டுக்குப் பருத்திக்கொட்ட வாங்கத் துட்டு கீது, எனக்குக் குடுக்கத்தான் இல்லையா?" என்று கேட்டார். வேலு மாட்டைத் தேய்த்துக்கொண்டே, "பொங்கலு வரைக்கும் பொறுத்துக்கோக்கா, மாடு ஓடிச்சின்னா மொத்தமா குடுத்துடறேன்" என்றார். சரோஜா மாட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓடலன்னா?" என்றார். மேசையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நம் பக்கத்து விழாவில் மாட்டைப் பிடிக்கிற வேலை இல்லை. குறித்த தூரத்தைக் குறைந்த நொடிகளில் ஓடிக் கடக்கிற மாட்டுக்குத்தான் முதல் பரிசு. ஆகவே அந்த ஒரு கேள்வியோடு, பொங்கல் வரைக்குமான ஆறு செஷன்களுக்கு எல்லாருக்கும் அந்த மாட்டின் கால்மேலேயே கண் இருந்தது. அன்வர் அன்று இரவே வேலுவின் பங்கைத் தான் கட்டிவிடுவதாகச் சரோஜாவிடம் சொன்னார். சீட்டு உடைந்தால் தன் அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிடும் என்பதே காரணம். இதில் எதையும் நான் எழுதி வைக்கவில்லை. மூன்று நோட்டுகளிலும் ஒரே சீட்டு இருந்தது, அவ்வளவுதான்.

இதிலிருந்து அடுத்த உறுதியான விஷயம் வருகிறது: பாத்திரங்களை வீட்டில் தனித்தனியாக எழுதக் கூடாது; ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒருவர் எழுதுவதை மற்றவர் கேட்டுக்கொண்டு எழுத வேண்டும். முதல் ஞாயிறு முழுவதும் அதற்கே போகட்டும். ஐந்து பேர் என்றால் அவர்களுக்குள் பத்து உறவுகள் வரும். பத்தையும் அன்றே நிரப்ப முயலாதீர்கள்; நான் ஒருமுறை முயன்றேன், ஊர் முழுவதும் சொந்தக்காரர்களாகிக் கடைசியில் யாருக்கு யார் என்ன முறை என்பதை நினைவில் வைப்பதே ஆட்டமாகிவிட்டது. ஒவ்வொருவரும் தன் வலப்பக்கம் இருப்பவரோடு ஒரு கொடுக்கலும், இடப்பக்கம் இருப்பவரோடு ஒரு வாங்கலும் வைத்துக்கொண்டால் ஐந்து உறவுகள் வட்டமாக நின்றுவிடும். மீதி ஐந்து ஆட்டத்தில் தாமாகப் பிறக்கட்டும். அந்த உறவுகளில் முறை வைத்துக் கூப்பிடுவதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். வேலு சரோஜாவை 'அக்கா' என்று கூப்பிடுகிறானா, 'சரோஜாம்மா' என்று கூப்பிடுகிறானா என்பதிலேயே பாதி உறவு தெரிந்துவிடுகிறது. மாமன் மச்சான் முறையில் உள்ள உரிமையும் கேலியும் வேறு, பங்காளிகளுக்கு இடையே இருக்கும் மரியாதையும் புகைச்சலும் வேறு. தமிழில் ஆடுபவர்களுக்கு இது விளக்காமலே கைவரும்.

எல்லாரும் ஒரே குழுவாகச் சேர்ந்து திரிய வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. ஆனால் எல்லாரும் திரும்பத் திரும்ப வந்தே தீரவேண்டிய ஓர் இடமோ ஏற்பாடோ வேண்டும். சீட்டு அப்படிப்பட்டது, ஷூ கம்பெனி வேன், கோயில் திருப்பணிக் கமிட்டி, தண்ணீர் லாரி வரும் முனை ஆகியவையும் அப்படித்தான். டீக்கடை இந்த வேலைக்கு உதவாது, ஏனென்றால் அங்கிருந்து யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

அடுத்து நான் பார்ப்பது, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனக்கு மட்டும் திறக்கும் ஒரு கதவும், தனக்கு மட்டும் மூடிய ஒரு கதவும் இருக்கிறதா என்பது. இதை நான் கற்றுக்கொண்டது வேலூர்க் கோட்டையை வைத்து நடத்திய ஒரு கேம்பெய்னில். 1806 ஏப்ரலில் தொடங்கி, சிப்பாய்கள் எழுந்த ஜூலை 10 விடியலுக்கு முந்தைய இரவோடு அதை நிறுத்தினோம். அந்த ஆண்டு கோட்டைக்குள் இருந்த நிலைமை சமூக ஆட்டத்துக்கென்றே அமைந்ததுபோல இருந்தது. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அவருடைய குடும்பத்தார் உள்ளே அரண்மனைகளில் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். அதே மதிலுக்குள் சிப்பாய்களும் ஆங்கிலேயப் படையினரும் இருந்தார்கள். தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும், அணிவகுப்பில் நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள் கசப்பை வளர்த்துக்கொண்டிருந்தன. என் மேசையில் ஒருவர் அரண்மனைக்குள் பூ கொண்டுபோகும் ஆள். அவருக்கு அந்தப்புரத்து வாசல் திறக்கும், சிப்பாய்களின் குடியிருப்பில் யாரும் மதிக்க மாட்டார்கள். இன்னொருவர் சிப்பாய், அரண்மனைப் பக்கம் தலைவைக்க முடியாது. இருவருக்கும் ஒருவரில்லாமல் ஒருவருக்கு வேலை நடக்காது என்பதால், நான் சொல்லாமலே இருவரும் தேடிக்கொண்டார்கள்.

அந்த வரலாற்றில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் வருகிறார். கிளர்ச்சிக்கான சதி நடக்கிறது என்று தன் மேலதிகாரியிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னவர் அவர். இந்திய அதிகாரிகள் அவருக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லிவிட, அவரைத்தான் அடைத்து வைத்தார்கள். கேம் மாஸ்டராக அந்தச் செய்தியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவருக்குக் கதவு திறந்தது, கையில் உண்மையும் இருந்தது. அவருக்காகச் சாட்சி சொல்ல ஆள்தான் இல்லை. அதனால் இப்போது நோட்டில் இன்னொரு வரியும் எழுதச் சொல்கிறேன்: இந்தப் பாத்திரத்தின் பேச்சை ஊரில் யார் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார், யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டார்? சமூக ஆட்டத்தில் வாள் வீச்சுக்கு இணையான ஆற்றல் இந்த நம்பிக்கைதான், அதற்கு எண் மதிப்பெண் கொடுப்பதைவிட ஆள் பெயர் கொடுப்பது நன்றாக வேலை செய்கிறது.

ஆசைகளைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'ஊரில் பெரிய மனிதனாக வேண்டும்' என்று எழுதினால் ஆடுபவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. 'இந்த மாதக் கடைசிக்குள் கோயில் கமிட்டியில் என் பெயர் வரவேண்டும்' என்று எழுதினால் தெரியும். பெரிய ஆசை இருக்கட்டும். அதன் கீழே இந்த வாரத்துக்கான சின்ன ஆசை ஒன்று இருக்க வேண்டும், அது இன்னொருவர் சம்மதித்தால் மட்டுமே நடக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கூடவே, நிலைமை கெட்டால் இந்த ஆள் ஏன் சென்னைக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறிவிடமாட்டார் என்பதற்கும் ஒரு காரணம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் இரண்டு நகரங்களுக்கும் இடையே நெடுஞ்சாலையில் இருப்பதால், இந்தக் கேள்வி எல்லா கேம்பெய்னிலும் ஒருநாள் வந்தே தீரும்.

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் உங்கள் மேசையில் இருவர் இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இதைப் பாத்திரம் உருவாக்கும்போதே சரிசெய்துவிட முடியும் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. பாத்திரங்களில் தேடிப் போகிறவை ஒரு வகை, தேடி வரப்படுகிறவை இன்னொரு வகை. வேலு முதல் வகை. கடன் கேட்கவும் சமாதானம் சொல்லவும் அவன் வாசல் வாசலாக ஏறவேண்டும். சரோஜாவிடம் பெரும்பாலும் மற்றவர்கள்தாம் வருவார்கள். கூச்சப்படுபவருக்குத் தேடி வரப்படும் இடத்தைக் கொடுங்கள்: சீட்டு நடத்துபவர், மருந்துக்கடையில் ஊசி போடுபவர், கோயில் சாவி வைத்திருப்பவர், பத்திரம் எழுதுபவர். அவர் 'சரி', 'முடியாது', 'யோசிச்சுச் சொல்றேன்' என்று மட்டும் சொன்னாலும் ஊர் அசையும். சரோஜாவை ஆடியவர் எங்கள் குழுவில் மிகக் குறைவாகப் பேசுபவர். மேலே எழுதிய அந்த 'ஓடலன்னா?' அவர் அன்று பேசிய மிகச் சில வார்த்தைகளில் ஒன்று.

முதல் செஷனில் பாத்திரங்களை அறிமுகப்படுத்த நான் தெருக்கூத்திலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு முறை இருக்கிறது. வட ஆற்காட்டில் வளர்ந்தவர்களுக்குத் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவும், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும் நாட்களும் நினைவிருக்கும். வேஷம் கட்டி வருபவர் திரைக்குப் பின்னால் நிற்பார். கட்டியக்காரன் அவரிடம் யார், எந்த நாடு, எதற்காக இந்தச் சபைக்கு வந்திருக்கிறார் என்று விசாரிப்பான். வந்தவர் தன் பெருமையைத் தானே சொல்லித்தான் உள்ளே வருவார். நான் கட்டியக்காரனாகி ஒவ்வொரு பாத்திரத்தையும் அப்படி விசாரிக்கிறேன். ஆடுபவர் 'என் பாத்திரம் இப்படிப்பட்டவர்' என்று விவரிப்பதை விட்டு, 'நான் இன்னார் மகன்' என்று தன் வாயால் சொல்லத் தொடங்குகிறார். மற்ற நால்வரும் சபையாக இருந்து ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம். கட்டியக்காரனுக்குக் கூத்தில் எவரையும் கேலி செய்யும் உரிமை உண்டு. அதை நான் எடுத்துக்கொள்வதில்லை, முதல் நாளில் கேலி ஆட்களை ஒடுக்கிவிடுகிறது. கேள்வி மட்டும் போதும்.

இனி எனக்குத் தெளிவில்லாத இடங்கள். பாத்திரங்களுக்கு இடையே ரகசியம் இருக்கலாம். ஆனால் அதை ஆடுபவர்களிடமிருந்தும் மறைக்க வேண்டுமா? இரண்டு வகையிலும் நடத்தியிருக்கிறேன். மறைத்து நடத்திய ஒருமுறை, ஒருவரின் பாத்திரம் ஐந்து செஷன்களாக நண்பரின் பாத்திரத்தை ஏமாற்றிக்கொண்டிருந்தது தெரிய வந்தபோது, மேசைக்கு வெளியிலும் அந்த இருவருக்கும் பேச்சு நின்றது. அதன்பின் ரகசியங்களை மேசையில் எல்லாருக்கும் தெரிய எழுதுகிறோம், பாத்திரங்களுக்குத்தான் தெரியாது. அன்வர் மனைவி பெயரில் சீட்டுப் போட்டது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான், மற்றவர்கள் அண்ணன் எதிரில் வேண்டுமென்றே சீட்டுப் பேச்சை எடுத்து அந்தக் காட்சியை இறுக்கினார்கள். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. ஆனால் திடுக்கிடுவதற்காகவே ஆடவருபவர்களுக்கு இதில் சுவை குறையும் என்பதை மறுக்க மாட்டேன்.

பேச்சுக்குப் பகடை உருட்டலாமா என்பதும் அப்படித்தான். எதிரிலிருப்பவருக்குச் சம்மதிக்கவும் மறுக்கவும் இரண்டுக்குமே காரணம் இருக்கும்போது மட்டும் உருட்டுவது என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். ஒருவர் மற்றவரின் பாத்திரத்தைப் பகடையால் மனம் மாற்றுவதை மட்டும் நான் அனுமதிப்பதில்லை. கேம் மாஸ்டர் ஆடும் ஆட்களிடம் உருட்டலாம், நண்பரின் பாத்திரத்திடம் பேசித்தான் ஆகவேண்டும். இது என் மேசையின் பழக்கம், விதி என்று சொல்லத் துணியமாட்டேன்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடித்தால் அது நேர்மையாக இருக்காது. நம் ஊரை அடிப்படையாக வைத்துச் சமூக ஆட்டம் ஆடினால், தெருவையும் தொழிலையும் எழுதிய அடுத்த நிமிடம் சாதி மேசைக்கு வந்துவிடும். யார் யார் வீட்டுத் திண்ணை வரை போகலாம் என்பதில் அது இருக்கிறது. சில குழுக்கள் கற்பனை ஊரில் அது இல்லை என்று வைத்துக்கொண்டு ஆடுகின்றன. சில குழுக்கள் நேராக எடுத்துக்கொள்கின்றன. எது சரி என்று ஐந்து பேர் சார்பில் நான் முடிவு சொல்ல முடியாது. என் அனுபவத்தில் உறுதியானது, பாத்திரம் எழுதும் அந்த முதல் ஞாயிறே இதை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும் என்பதும், மேசையில் உள்ளவர்களில் யார் இதை வாழ்க்கையில் பட்டவரோ அவருடைய விருப்பத்துக்கு முதல் இடம் தரவேண்டும் என்பதும்தான். எங்கள் மேசையில் ஒருவர் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்தால் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பெண்களுக்கு எதிரான வன்முறைக்கும், மதத்தைத் தொடும் பேச்சுக்கும் இதே ஏற்பாடுதான். உங்கள் ஊரில் தோல் ஷாப்பும் மசூதித் தெருவும் அம்மன் கோயிலும் அடுத்தடுத்து இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; ஆகவே இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் வேலைச் சுமையைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் நூறு பேரை நீங்கள் உருவாக்கத் தேவையில்லை. ஐந்து நோட்டிலும் ஆளுக்கு மூன்று பெயர் என்றால் பதினைந்து பெயர் வரும். அவற்றைப் பரப்பி வைத்து, ஒன்றாக்கக்கூடியவற்றை ஒன்றாக்குங்கள். ஒருவர் நோட்டில் இருக்கும் வட்டிக்காரரும், இன்னொருவர் நோட்டில் கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவும் ஒரே ஆளாக இருக்கட்டும். எட்டு ஒன்பது பேராகக் குறைந்த பிறகு அவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: அவருக்கு இப்போது என்ன வேண்டும், கிடைக்காவிட்டால் அடுத்த செஷனுக்குள் என்ன செய்வார். அதற்கு மேல் தயாரிக்கும் பக்கங்களை நான் பெரும்பாலும் பயன்படுத்தியதே இல்லை.

உங்கள் ஐந்து பாத்திரங்களைக் கலைக்க வேண்டாம். எழுதியவர்கள் அவற்றின்மேல் ஆசை வைத்திருக்கிறார்கள். அதை வீணாக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு ஆட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஐந்து நோட்டும் ஐந்து பேனாவும் வாங்கி வையுங்கள். உங்களுக்கு அதிகச் சிரமம் தருவதாகச் சொன்ன அந்த ஓய்வுபெற்ற ராணுவ வீரரிடமிருந்தே தொடங்கலாம். யாரோடும் ஒட்டாமல், எல்லைப்புற நினைவுகளோடு தனியாக இருப்பவர் என்று எழுதியிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் இருக்கிறது. அப்படிப்பட்டவர் ஊர் திரும்பினால் எந்தக் கடனும் இல்லாத தனி ஆளாக ஒருநாளும் இருக்க முடியாது. அவர் இல்லாத ஆண்டுகளில் அவருடைய தாயின் சாவுக்கு முன்னால் நின்று எல்லாம் செய்தது யார் என்று கேளுங்கள். தங்கை மகள் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் வரிசையோடு அவர் வரவேண்டிய நாளில், விடுப்பு கிடைக்காமல் போன அந்த நாளில், அவர் இடத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது யார் என்று கேளுங்கள். பதிலாக வரும் பெயர், மேசையில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் பாத்திரமாக இருக்கட்டும். இப்போது அந்த வீட்டிலும் ஒரு விசேஷம் வருகிறது, பத்திரிகை வைக்க இன்று மாலை வாசலுக்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்லி மூன்றாவது செஷனைத் தொடங்குங்கள்.